பாஸ்பேட் பாறை: மண்ணுக்கு ஒன்று, மாட்டுக்கு வேறொன்று

செம்பனைக்கும் இரப்பருக்கும் இடப்படும் உரங்களுள், பார்வைக்கு மண்ணைப் போலவே தோற்றமளிப்பது ஒன்றுண்டு. சாக்கைப் பிரித்தால் மங்கிய பழுப்பு நிறத்தில் மாவு போன்ற தூள். நீரில் இட்டுக் கலக்கினாலும் கரைவதில்லை. சற்று நேரத்தில் அடியில் படிந்துவிடும். நெடியும் இல்லை. இதுவே பாஸ்பேட் பாறைத் தூள். பால்மாடு வளர்ப்போர் தீவனக் கடையில் சிறிய அளவில் வாங்குகின்ற டைகால்சியம் பாஸ்பேட் என்னும் வெண்ணிறத் தூளும் இதே பாறையிலிருந்து பெறப்பட்டதுதான். முன்னதன் விலை குறைவு. பின்னதன் விலை பன்மடங்கு கூடுதல். இரண்டிலும் இருப்பது பாஸ்பரஸ் சத்துதானே, விலை மலிந்ததையே தவிட்டில் ஒரு பிடி கலந்து வைத்தால் என்ன என்று மாடு வளர்க்கும் அன்பர்கள் சிலர் எண்ணுவது இயல்பே. கூடாது என்பதே நமது விடை. ஏன் கூடாது என்பதை அறிய வேண்டுமாயின், அப்பாறை எத்தகையது, அது தொழிற்சாலையில் என்ன மாறுதலை அடைகின்றது என்பவற்றை முதலில் அறிதல் வேண்டும்.

பாஸ்பரஸ் இன்றி உயிர் இல்லை. செடியின் வேர் விரிவதற்கும், விதை திரள்வதற்கும், விலங்கின் எலும்பும் பல்லும் உறுதி பெறுவதற்கும் அது இன்றியமையாதது. 1669ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஹென்னிக் பிராண்ட் என்பவர் பொன் செய்யும் வழியைத் தேடி மனிதச் சிறுநீரைக் காய்ச்சி வற்ற வைத்தபொழுது, இருளில் ஒளிவிடும் ஒரு பொருள் கிடைத்தது. பொன் கிடைக்கவில்லை, பாஸ்பரஸ் கிடைத்தது. தனித்த நிலையில் அது காற்றுப் பட்ட அளவில் தீப்பற்றக்கூடியது. ஆதலால் இயற்கையில் அது தனித்து நிற்பதில்லை. சுண்ணாம்புச் சத்தாகிய கால்சியத்தோடு இணைந்து கல்லாகக் கிடக்கின்றது. அக்கல்லுக்கு அபடைட் என்று பெயர். நமது எலும்பும் பல்லும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பது வியப்புக்குரிய செய்தி. பாறையில் உள்ள அபடைட்டுக்குள் கால்சியத்தோடும் பாஸ்பேட்டோடும் மூன்றாவதாக ஒன்று புகுந்து உட்கார்ந்திருக்கின்றது. அதுதான் புளோரின். அது புகுந்ததனால் கல் கெட்டிப்பட்டு, நீருக்கு எளிதில் இளகாததாகின்றது. இக்கட்டுரையில் சொல்லப்போகும் செய்திகள் பெரும்பாலும் இந்தப் புளோரினையே சுற்றி வருபவை.

நம் நாட்டுத் தோட்டங்களுக்கு இப்பாறை எங்கிருந்து வருகின்றது? இன்று மொராக்கோ, எகிப்து, ஜோர்தான் முதலிய நாடுகளிலும் வெட்டியெடுக்கப்படுகின்றது. ஆயினும் நம் மண்ணோடு நெடுங்காலத் தொடர்புடையது கிறிஸ்துமஸ் தீவுப் பாறையே. ஜாவாவுக்குத் தெற்கே ஏறத்தாழ 350 கிலோமீட்டர் தொலைவில், இந்துமாக் கடலில் தனித்து நிற்கும் 135 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள சிறு தீவு அது. 1643ஆம் ஆண்டு கிறிஸ்து பிறந்த நாளன்று வில்லியம் மைனர்ஸ் என்னும் கப்பல் தலைவர் அதன் வழியே சென்றமையால் அப்பெயர் வாய்த்தது. பின்னர் இரு நூற்றாண்டுக்கு மேல் அதனை யாரும் பொருட்படுத்தவில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜான் மரே என்னும் கடலியல் அறிஞர் அத்தீவின் கற்களைச் சோதித்து, அவற்றில் பாஸ்பேட் செறிந்திருப்பதைக் கண்டார். 1888இல் பிரிட்டன் தீவைத் தன் உடைமையாக்கிக் கொண்டது. 1897இல் நிறுவனம் தோன்றிற்று. அடுத்த சில ஆண்டுகளில் வெட்டும் பணியும் ஏற்றுமதியும் தொடங்கின.

வெட்டுவதற்கு ஆள் வேண்டுமே! சிங்கப்பூர் வழியாகச் சீனத் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் கொண்டு செல்லப்பட்டனர். முதல் சில ஆண்டுகளிலேயே அவர்களுள் நூற்றுக்கணக்கானோர் பெரிபெரி நோயினால் மாண்டனர். கால் வீங்கி, நரம்பு தளர்ந்து, நெஞ்சு அடைத்து மாளும் நோய் அது. அதன் காரணம் அன்று தெரிந்திருக்கவில்லை; தவிடு முழுதும் நீக்கித் தீட்டப்பட்ட வெள்ளை அரிசியை மட்டுமே உண்டதுதான் காரணம் என்பது பின்னர் மலாயாவில் நடந்த ஆராய்ச்சிகளால் தெளிவாயிற்று. மலாயாவில் பணியாற்றிய மருத்துவர் பிராடன், பச்சரிசி உண்ட சீனத் தொழிலாளர்களை வாட்டிய அந்நோய் புழுங்கல் அரிசி உண்ட தமிழ்த் தொழிலாளர்களை அண்டவில்லை என்பதைக் கண்டு 1907இல் நூலாகவே எழுதினார். நெல்லைப் புழுக்கும்பொழுது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகின்றது என்பதை நம் பாட்டிமார் அறிந்திருக்கவில்லை. ஆனால் அவர்களது பானை அறிந்திருந்தது. நாம் இன்று சாக்கிலிருந்து அள்ளி வீசும் தூளின் பின்னே இத்தகைய மரணங்களும் உண்டு என்பதை நினைவூட்டவே இதனைச் சொல்ல நேர்ந்தது.

தீவின் ஆட்சி 1900 முதல் சிங்கப்பூரிலிருந்தே நடைபெற்றது. 1958இல் அது ஆஸ்திரேலியாவிடம் ஒப்படைக்கப்பட்டபொழுது, சிங்கப்பூருக்கு இழப்பீடாக 29 இலட்சம் ஆஸ்திரேலியப் பவுன் தரப்பட்டது. சிங்கப்பூரிலும் மலாயாவிலும் இருந்து சென்ற சீனரும் மலாய்க்காரரும் தலைமுறை தலைமுறையாக அங்கேயே வாழ்ந்து உழைத்தனர். உயர்தரப் பாறை ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் சென்று மேய்ச்சல் நிலங்களை வளமாக்கிற்று; அரைத்த தூள் நம் பக்கத்துத் தோட்டங்களுக்கு வந்தது. 1987இல் ஆஸ்திரேலிய அரசு சுரங்கத்தை மூடிவிட்டது. ஆனால் தொழிலாளர்கள் கலைந்து செல்ல மனமின்றித் தங்கள் பணத்தைப் பங்காகத் திரட்டி, 1990களின் தொடக்கத்தில் சுரங்கத்தை மறுபடியும் இயக்கலாயினர். கூலிக்கு வெட்டியவர்களே உரிமையாளராக மாறிய இந்நிகழ்ச்சி தோட்டத்து மக்கள் அறிந்து கொள்ளத்தக்கது.

இனி மண்ணுக்கு வருவோம். பாறையை வெறுமனே அரைத்து இட்டால் பயிர் அதை உண்ணுமா? எல்லா நாட்டிலும் உண்ணாது. பஞ்சாபின் கோதுமை வயலிலோ எகிப்தின் நைல் நதிக் கரையிலோ இத்தூளை இட்டால், இட்டது இட்டபடியே பல்லாண்டு கிடக்கும். அங்குள்ள மண் சுண்ணாம்புச் சார்புடையது. நம் நாட்டு மேட்டு நிலமோ பல இலட்சம் ஆண்டுகளாக மழையில் கழுவப்பட்டுப் புளித்துப்போன மண். அதன் பி.எச். அளவு பெரும்பாலும் 4க்கும் 5க்கும் இடையே நிற்கின்றது. இந்தப் புளிப்பே பாறைத் துகளைச் சிறிது சிறிதாக அரித்து, அடைபட்டுக் கிடக்கும் பாஸ்பேட்டை வெளியே விடுகின்றது. வேறு நாடுகளில் தொழிற்சாலை அமிலம் ஊற்றிச் செய்கின்ற வேலையை இங்கே மண்ணே செய்துவிடுகின்றது என்றாலும் பொருந்தும். பயிருக்குத் தீமையாகக் கருதப்படும் அமிலத் தன்மை இந்த ஒன்றில் நமக்கு உதவுகின்றது.

இன்னொரு நன்மையும் உண்டு. நம் செம்மண்ணில் இரும்பும் அலுமினியமும் மிகுதி. நீரில் உடனே கரையும் பாஸ்பேட் உரத்தை இதில் இட்டால், வேர் உண்பதற்கு முன்னரே அவ்விரண்டும் அதன் பெரும்பகுதியைப் பற்றிக்கொள்கின்றன. பாறைத் தூளோ ஒரேயடியாகக் கரையாமல் மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் சிறுகச் சிறுகத் தருவதால், மண் விழுங்குவது போக மரத்துக்கும் கிட்டுகின்றது. நெடுநாள் நிற்கும் செம்பனைக்கும் இரப்பருக்கும் இது ஏற்ற முறை. நடவுக் குழியில் இத்தூளை இடுவதும், கன்றுகளுக்கிடையே வளரும் புயராரியா, கலப்பொகோனியம், சென்ட்ரோசீமா போன்ற மூடுபயிர்களுக்கு இதனைத் தூவுவதும் இதனால்தான். மூடுபயிரின் வேர் முடிச்சுகள் காற்றிலிருந்து நைட்ரஜனை ஈர்த்து மண்ணில் சேர்ப்பதற்குப் பாஸ்பரஸ் தேவை. ஆக, மூடுபயிருக்கு இட்ட பாஸ்பேட் பின்னர் நைட்ரஜனையும் உடன் அழைத்துக்கொண்டு மரத்திடம் திரும்பி வருகின்றது.

மரம் எவ்வளவு கொள்கின்றது என்றும் கேட்கலாம். 25 டன் செம்பனைக் குலையை வெட்டி ஆலைக்கு அனுப்பினால், அதனோடு 11 கிலோவுக்கு மேல் பாஸ்பரஸ் நிலத்தை விட்டுப் போய்விடுகின்றது. பார்வைக்கு இது சிறு அளவே. ஆனால் ஏழை மண்ணிலிருந்து ஆண்டுதோறும் எடுத்துக்கொண்டே இருந்து, ஒன்றையும் திரும்ப இடாவிட்டால் நிலம் எத்தனை நாள் தாங்கும்?

இவ்விடத்தில் இரண்டு செய்திகள். முதலாவது, எல்லாப் பாறையும் ஒரே தரமன்று. துனிசியாவின் கஃப்சா, அமெரிக்காவின் வட கரோலினா ஆகிய இடங்களின் பாறை எளிதில் இளகும். வேறு சில இடங்களின் பாறை எவ்வளவு மாவாக அரைத்தாலும் பிடிவாதமாக நிற்கும். இதனை அறிய, தூளை எலுமிச்சையின் புளிப்பாகிய சிட்ரிக் அமிலத்தில் இட்டு எவ்வளவு கரைகின்றது என்று ஆய்வுக்கூடத்தில் பார்க்கின்றனர். சாக்கின் மேல் எழுதப்பட்டுள்ள மொத்த பாஸ்பேட் அளவை மட்டும் பார்த்து வாங்குவது பாதிக் கணக்கே. இரண்டாவது, பாறைத் தூளையும் சுண்ணாம்பையும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இடுதல் கூடாது. பாறையைக் கரைப்பது மண்ணின் புளிப்பு. சுண்ணாம்பு அப்புளிப்பை மாற்றிவிடுவதால், பாறை கரையாமலே கிடந்துவிடும்.

ஓராண்டுக்குள் விளைந்து முடியும் காய்கறிக்கும் சோளத்துக்கும் இவ்வளவு பொறுமை கிடையாது. அவற்றுக்குக் கரையும் உரமே வேண்டும். அதற்காகத்தான் தொழிற்சாலை.

சுரங்கத்திலிருந்து வந்த கல் முதலில் நொறுக்கப்படுகின்றது. மண்ணும் களியும் கழுவப்படுகின்றன. மணலைப் பிரிப்பதற்கு, நீரில் எண்ணெய்த் தன்மையுள்ள பொருளைக் கலந்து காற்றை ஊதி நுரை எழுப்புகின்றனர். பாஸ்பேட் துகள் நுரையோடு மேலே ஏறிவிட, மணல் கீழே தங்குகின்றது. இவ்வாறு தூய்மை செய்யப்பட்ட தூளின் மீது கந்தக அமிலம் பாய்ச்சப்படுகின்றது. எலும்பைக் கந்தக அமிலத்தில் கரைத்து உரமாக்கலாம் என்று ஜெர்மானிய வேதியியல் அறிஞர் லீபிக் 1840இல் எழுதினார். இங்கிலாந்தில் ஜான் பென்னட் லாஸ் 1842இல் அதற்குக் காப்புரிமை பெற்று, எலும்போடு பாஸ்பேட் கல்லையும் இவ்வாறு மாற்றி, சூப்பர்பாஸ்பேட் என்னும் பெயரில் விற்கலானார். இன்றைய செயற்கை உரத் தொழிலின் தொடக்கம் அதுவே.

சூப்பர்பாஸ்பேட்டில், அமிலத்தோடு சேர்ந்து உண்டாகும் ஜிப்சமும் கலந்தே இருக்கும். ஆகையால் அதன் பாஸ்பேட் அளவு 16 முதல் 20 விழுக்காடுதான். அமிலத்தைக் கூடுதலாக ஊற்றி ஜிப்சத்தை வடிகட்டிப் பிரித்துவிட்டால் பாஸ்பாரிக் அமிலம் என்னும் பாகு கிடைக்கின்றது. இப்பாகுதான் இத்தொழிலின் நடு முச்சந்தி. அதனை மறுபடியும் பாறைத் தூளோடு சேர்த்தால் 46 விழுக்காடு அளவுள்ள டிரிபிள் சூப்பர்பாஸ்பேட். அம்மோனியாவோடு சேர்த்தால் டைஅம்மோனியம் பாஸ்பேட். தூய்மை செய்து சுண்ணாம்போடு சேர்த்தால் கால்நடைக்கான பாஸ்பேட். உலகில் வெட்டப்படும் பாறையில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் உரமாகவே முடிகின்றது. தீவனத்துக்குச் செல்வது சிறு பங்கு.

வடிகட்டிய ஜிப்சம் என்னாகின்றது? இதனை உரத் தொழில் அதிகமாகப் பேச விரும்புவதில்லை. பாகிலுள்ள பாஸ்பேட் ஒரு டன்னுக்கு ஏறத்தாழ 5 டன் ஜிப்சம் கழிவாகின்றது. பாறையிலுள்ள ரேடியம் என்னும் கதிர்வீச்சுப் பொருள் அதிலே தங்கிவிடுவதால், வீடு கட்டவும் சாலை போடவும் அதனைத் தாராளமாகப் பயன்படுத்த முடிவதில்லை. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் மலைபோல் குவித்து, மேலே குளம் கட்டி நிறுத்தி வைத்துள்ளனர். 2021இல் அங்குள்ள பைனி பாயிண்ட் என்னுமிடத்தில் அத்தகைய குளத்தின் அடித்தளம் கிழிந்து கசியவே, அணை உடையாமல் தடுப்பதற்காக 20 கோடி காலனுக்கு மேற்பட்ட கழிவு நீரைத் தம்பா வளைகுடாவில் திறந்துவிட நேர்ந்தது. நூற்றுக்கணக்கான வீட்டார் வெளியேற்றப்பட்டனர்.

இனி, தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு விடை காண்போம்.

கால்நடைக்குப் பாஸ்பரஸ் குறைந்தால் என்ன நேரும் என்பதைத் தென்னாப்பிரிக்காவின் வறண்ட மேய்ச்சல் நிலங்கள் உலகுக்குக் காட்டின. அங்கே மாடுகள் கீழே கிடந்த எலும்புகளைத் தேடிக் கடித்து மென்றன. பிறகு கால் முடங்கிச் செத்தன. 1920ஐ ஒட்டிய ஆண்டுகளில் அர்னால்டு தைலர் என்னும் கால்நடை மருத்துவ அறிஞர் இதனை ஆராய்ந்து, புல்லில் பாஸ்பரஸ் இல்லாமையால் மாடுகள் எலும்பை நாடுகின்றன என்றும், அழுகிய எலும்பில் உள்ள நச்சே அவற்றைக் கொல்கின்றது என்றும் கண்டார். தூய எலும்புத் தூளைக் கொடுத்ததும் மாடுகள் எலும்பு தேடுவதை விட்டன, உடலும் தேறிற்று. ஆகவே, நம் பக்கத்து மாடு மண்ணையும் மரப்பட்டையையும் துணியையும் மெல்லத் தொடங்கினால், அதனைக் குறும்பு என்று அடித்து விரட்டாமல், தாதுச் சத்துக் குறைவோ என்று கால்நடை மருத்துவரிடம் கேட்டல் நலம்.

எலும்புத் தூளே நெடுங்காலம் தீவனத்தின் பாஸ்பரஸாக விளங்கிற்று. 1986இல் பிரிட்டனில் பித்துப் பசு நோய் கண்டறியப்பட்டு, இறைச்சியும் எலும்பும் அரைத்த தீவனத்தால் அது பரவுகின்றது என்று தெரிந்ததும், 1988இல் அசைபோடும் விலங்குகளுக்கு அத்தீவனம் அங்கே தடை செய்யப்பட்டது. பின்னர் மற்ற நாடுகளும் கட்டுப்பாடு விதித்தன. எலும்பின் இடத்தைப் பாறை மேலும் பிடித்துக் கொண்டது.

ஆனால் பாறையில் புளோரின் இருக்கின்றதே! கடலடியில் படிந்த பாறைகளில் அது 3 முதல் 4 விழுக்காடு வரை உள்ளது. தீவுப் பாறைகளில் இதனினும் குறைவாக இருப்பதுண்டு. எனினும் அதுவும் கால்நடைக்குரிய வரம்பைப் பன்மடங்கு தாண்டியதே. புளோரின் நீக்கப்பட்ட தீவனப் பாஸ்பேட்டில் 100 பங்கு பாஸ்பரஸுக்கு 1 பங்குக்கு மேல் புளோரின் இருக்கக்கூடாது என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவு. பச்சைப் பாறையிலோ ஏறத்தாழ 4 பங்கு பாஸ்பரஸுக்கே 1 பங்கு புளோரின் வந்துவிடுகின்றது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பசு நாளொன்றுக்கு ஈரம் நீங்கலாக 10 கிலோ தீவனம் தின்பதாகக் கொள்வோம். அதற்கு 50 கிராம் டைகால்சியம் பாஸ்பேட் கொடுத்தால் ஏறத்தாழ 9 கிராம் பாஸ்பரஸ் கிடைக்கும். உடன் வரும் புளோரின் 90 மில்லிகிராம் அளவே. அதாவது ஒரு கிலோ தீவனத்துக்கு 9 மில்லிகிராம். அதே 9 கிராம் பாஸ்பரஸைப் பாறைத் தூளிலிருந்து பெற வேண்டுமாயின் 70 கிராம் தூள் வேண்டும். அதில் 3.5 விழுக்காடு புளோரின் இருப்பின் 2,400 மில்லிகிராமுக்கு மேல் ஆகின்றது. ஒரு கிலோ தீவனத்துக்கு 240 மில்லிகிராம். பசு நீண்ட நாள் தாங்கக்கூடியதோ கிலோவுக்கு 40 மில்லிகிராம் அளவுதான். ஆறு மடங்கு!

இந்த நஞ்சு ஒரே நாளில் மாட்டைச் சாய்ப்பதில்லை. அதனால்தான் பலர் ஏமாந்து போகின்றனர். புளோரின் எலும்பில் போய்த் தங்கிக்கொண்டே வருகின்றது. மாதங்கள் கழிந்தபின், இளங்கன்றாயின் முளைக்கும் பல்லிலே சுண்ணாம்பு வெள்ளையும் பழுப்புமாகப் புள்ளிகள் தோன்றும். பல் விரைவில் தேய்ந்து குளிர்ந்த நீரைக் குடிக்கவும் கூசும். முதிர்ந்த மாடாயின் எலும்பு தடித்து, மூட்டு இறுகி, நொண்டத் தொடங்கும்; தீனி குறையும்; பால் வற்றும். அக்காலத்தில் பாறைத் தூளை நிறுத்தினாலும் தேய்ந்த பல் மீண்டும் வளராது. புளோரின் பாலில் மிகச் சிறிதளவே இறங்குகின்றது என்பது ஒன்றே ஆறுதல்.

தொழிற்சாலையில் இதனை இரு வழிகளில் நீக்குகின்றனர். ஒன்று நெருப்பு வழி. பாறைத் தூளோடு சோடாவும் சிறிது பாஸ்பாரிக் அமிலமும் சேர்த்து, உருளும் சூளையில் 1,200 பாகைக்கு மேல் நீராவியோடு காய்ச்சினால் புளோரின் ஆவியாகப் பிரிகின்றது. மற்றொன்று அமில வழி. பாஸ்பாரிக் அமிலப் பாகை நுண்ணிய சிலிகாத் தூள் கலந்து ஆவியூதிக் காய்ச்சினால், புளோரின் சிலிகாவைப் பற்றிக்கொண்டு வெளியேறிவிடும். தூய்மையான அப்பாகைச் சுண்ணாம்புக் கல் மாவோடு பிசைந்து, உலர்த்தி, சலித்தால் நாம் கடையில் காணும் வெண்ணிறத் தூள். இரு வழியிலும் வெளிப்படும் ஆவி கொடிய நஞ்சாகையால் அதனைப் புகைபோக்கிக்கு விடாமல் நீரில் பிடித்துவிடுகின்றனர். வேடிக்கை என்னவெனில், பல்லைக் காப்பதற்காகப் பல நாடுகளில் குடிநீரில் துளியளவு சேர்க்கப்படும் புளோரைடு பெரும்பாலும் இவ்வாறு பிடித்ததிலிருந்தே செய்யப்படுகின்றது. மாட்டின் பல்லைக் கெடுப்பதும் மனிதனின் பல்லைக் காப்பதும் ஒரே பொருள்தான். அளவு மட்டுமே வேறு.

விலை கூடுதலாக இருப்பது இவ்வேலைக்காகத்தான். ஆயினும் நம் கால்நடைகள் எல்லாவற்றுக்கும் அந்த வெண்ணிறத் தூள் வேண்டுமா என்றால், வேண்டியதில்லை என்றே சொல்லுவோம். செம்பனைப் பருப்புப் பிண்ணாக்கும் அரிசித் தவிடும் நம் நாட்டில் மலிவாகக் கிடைக்கும் தீவனங்கள். இரண்டிலுமே பாஸ்பரஸ் ஏற்கனவே மிகுதி, கால்சியம்தான் குறைவு. பிண்ணாக்கில் பாஸ்பரஸ் கால்சியத்தைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. மாட்டின் உடலுக்கு வேண்டியதோ இதற்கு நேர்மாறு. பாஸ்பரஸ் ஒரு பங்காயின் கால்சியம் ஒன்று முதல் இரண்டு பங்கு இருத்தல் வேண்டும். ஆகவே கொட்டிலில் கட்டிப் பிண்ணாக்கும் தவிடும் ஊட்டப்படும் மாட்டுக்குத் தேவை பெரும்பாலும் மலிவான சுண்ணாம்புக் கல் மாவே. அங்கே பாஸ்பேட்டை மேலும் சேர்ப்பது வீண்செலவு மட்டுமன்று. கிடாய்க்கும் செம்மறிக் கடாவுக்கும் சிறுநீர்க் கல் உண்டாவதற்கும் அது வழி வகுக்கும். செம்மறியாடு வளர்ப்போர் மற்றொன்றையும் நினைவில் வைத்தல் வேண்டும். செம்பனைப் பிண்ணாக்கில் செம்புச் சத்து மிகுதி. அதனையே முழுத் தீவனமாகக் கொடுத்தால் செம்மறிக்கு ஈரல் கெட்டு மரணமும் நேரிடும். தோட்டத்துப் புல்லையும் களையையும் மட்டும் மேய்ந்து வாழும் மாடுகளுக்கே தூளின் தேவை கூடுதல். ஏழை மண்ணில் வளர்ந்த புல்லும் ஏழையே.

செம்பனைக்கடியில் மாடு மேய்ப்போருக்கு உரச் சாக்கைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். உரம் இட்ட நிரைகளில், தூள் மழையில் கரைந்து மண்ணில் இறங்கும் வரை மாடுகளை விடலாகாது. உப்புச் சுவைக்கு ஆசைப்பட்டுச் சிந்திய உரத்தை நக்கும் மாடு, பாஸ்பேட்டை விட விரைவில் கொல்லும் யூரியாவையும் சேர்த்தே விழுங்கிவிடும். யூரியா நஞ்சேறிய மாடு வயிறு உப்பி, உடல் நடுங்கி, சில மணி நேரத்திலேயே இறப்பதுண்டு. வெறுமையான உரச் சாக்கில் தவிட்டையும் பிண்ணாக்கையும் கட்டி வைக்கும் பழக்கம் இன்னும் சிலரிடம் உள்ளது. கழுவினாலும் மூலையில் தங்கிய தூள் போவதில்லை. பாறைத் தூளைக் கையால் வீசும் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், வாயையும் மூக்கையும் மூடிக்கொள்ளாமல் காற்றுக்கு எதிராக நிற்பதையும் நாம் காண்கிறோம். மாவாக அரைத்த கல் நுரையீரலுக்கு ஆகாது. மூக்கு மூடியைக் கேட்டு வாங்குவது அவர்களது உரிமை.

தீவனத் தூளை வாங்கும்பொழுது பொட்டலத்தின் மேல் பாஸ்பரஸ் விழுக்காடு மட்டுமன்றிப் புளோரின் உச்ச அளவும் அச்சிடப்பட்டுள்ளதா என்று பார்க்க வேண்டும். டைகால்சியம் பாஸ்பேட் எனில் பாஸ்பரஸ் ஏறத்தாழ 18 விழுக்காடும், புளோரின் 0.18 விழுக்காட்டுக்கு மேற்படாமலும் இருத்தல் இயல்பு. உரச் சாக்கில் காணும் எண்ணோ வேறு முறையில் எழுதப்படுவது; அங்கே 30 என்றிருந்தால் அது ஆக்சிஜனோடு சேர்ந்த எடை; தனிப் பாஸ்பரஸாகக் கணக்கிட்டால் 13தான். இரண்டு எண்களையும் அருகருகே வைத்து உரமே சத்து மிகுந்தது என்று முடிவு கட்டுவது தவறு.

கோழி வளர்ப்போருக்கு ஒரு சொல். தானியத்திலும் பிண்ணாக்கிலும் உள்ள பாஸ்பரஸின் பெரும்பகுதி பைட்டேட் என்னும் பூட்டுக்குள் இருக்கின்றது. மாட்டின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் அப்பூட்டைத் திறந்துவிடும். கோழிக்கும் பன்றிக்கும் அவ்வசதி இல்லை. அதனால்தான் கோழித் தீவனத்தில் பாறையிலிருந்து செய்த பாஸ்பேட் தவறாமல் சேர்க்கப்பட்டு வந்தது. 1991 முதல் பைட்டேஸ் என்னும் நொதிப் பொருள் விற்பனைக்கு வந்தது. அதனைச் சிட்டிகை அளவு சேர்த்தால் கோழியும் தானியத்துப் பாஸ்பரஸை எடுத்துக்கொள்ளும். பாறைப் பாஸ்பேட்டின் அளவைக் குறைக்கலாம். 2008இல் பாறையின் விலை டன்னுக்கு ஏறத்தாழ 50 டாலரிலிருந்து 400 டாலருக்கு மேல் பாய்ந்தபொழுது இந்நொதியின் அருமையைத் தீவன ஆலைகள் நன்கு உணர்ந்தன. உலகில் எஞ்சியுள்ள பாறை இருப்பில் ஏறத்தாழ பத்தில் ஏழு பங்கு மொராக்கோவிடமும் அதன் கையிலுள்ள மேற்குச் சஹாராவிலும் இருக்கின்றது; நம்மைப் போன்ற நாடுகள் அவ்விலைக்குக் கட்டுப்பட்டே வாங்க வேண்டியுள்ளது. கோழி செரிக்காமல் வெளியேற்றும் பாஸ்பரஸ் முழுதும் அதன் எச்சத்திலேயே இருக்கின்றது. லயத்துக்குப் பின்னே கத்தரியும் வெண்டையும் பயிரிடுவோர், நன்றாக மக்க வைத்த கோழி எருவை இட்டுவிட்டால், அப்பாத்திக்குத் தனியாகப் பாஸ்பேட் உரம் வாங்க வேண்டியதில்லை.